ஆன்டிவைரஸ் புடிச்சு வெச்ச ஃபைலு நெஜமாவே வைரஸா? ரீஸ்டோர் அமுக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

போன மாங்கா சீசன்ல ஒரு நாள், காலைல 7 மணி கூட ஆகல, கிருஷ்ணகிரி பழையபேட்டைல மண்டி வெச்சிருக்கற அண்ணன் ஒருத்தர் போன் அடிச்சாரு. "தம்பி, பில்லு போடற சாஃப்ட்வேரையே காணோம், ஐகான அமுக்குனா ஃபைலு இல்லங்குது, வெளிய பெங்களூரா மாங்கா லோடு மூணு வண்டி நிக்குது, சீக்கிரம் வா"ன்னாரு. பின்னாடி அவரு பையன் குரல் கேக்குது, "அப்பா, ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டு பென்டிரைவ்ல இருக்கற பழைய காப்பிய போட்டுடறேன் பா"ன்னு. நான் சொன்னது ஒண்ணுதான், "அண்ணா, நான் வர்ற வரைக்கும் யாரும் எதையும் அமுக்காதீங்க, ஒரு மணி நேரம் பில்லு புக்குல கையால எழுதுங்க."

இந்த மாதிரி போன் எனக்கு அடிக்கடி வரும். மண்டி, எடை மேடை, ஜெராக்ஸ் கடை, பத்திரிகை டிசைன் பண்ற கடைன்னு நம்ம பக்கம் பாதி கம்ப்யூட்டர்ல யாரோ ஒரு பையன் எழுதிக் குடுத்த சின்ன சாஃப்ட்வேர் ஒண்ணு ஓடிட்டு இருக்கும், அதுக்கு கம்பெனி பேரும் கிடையாது வெப்சைட்டும் கிடையாது, வருஷக்கணக்கா ஒழுங்கா ஓடிட்டு ஒரு நாள் காலைல ஆன்டிவைரஸ் அத தூக்கி உள்ள வெச்சிடும். நல்ல ஃபைல வைரஸ்னு தப்பா புடிக்கறதுக்குத்தான் ஃபால்ஸ் பாசிட்டிவ்னு பேரு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அவ்ளோதான். ஆனா சில சமயம் அந்த இருட்டுல நெஜமாவே திருடன் நிக்கறான், அதனால எது எதுன்னு பிரிச்சுப் பாக்க தெரியணும். விண்டோஸ் 10, 11ல கூடவே வர்ற டிஃபெண்டர வெச்சு சொல்றேன், வேற ஆன்டிவைரஸ் வெச்சிருந்தா பட்டன் பேருதான் மாறும், வேலை ஒண்ணுதான்.

மொதல்ல குவாரண்டைன்னா என்னன்னு புரிஞ்சிக்கோங்க, பாதி பதட்டம் அதுலயே போயிடும். செக்போஸ்ட்ல சந்தேகப்பட்டு லாரிய ஓரங்கட்டி சாவிய வாங்கி வெச்சுக்கற மாதிரிதான் இது. லோடு அப்படியே இருக்கு, வண்டி ஓட மட்டும் முடியாது. ஆன்டிவைரஸ் அந்த ஃபைல இருந்த எடத்துல இருந்து எடுத்து, யாரும் ஓட்ட முடியாத மாதிரி உருமாத்தி தனி எடத்துல பூட்டி வெக்குது. அது அங்க இருக்கற வரைக்கும் உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்ல, அதனால அவசரமே இல்ல. ரிமூவ் அமுக்குனாதான் ஃபைலு போயே போயிடும், வண்டிய பழைய இரும்புக்கு வெட்டிட்ட மாதிரி, அப்புறம் திருப்ப முடியாது. அதனால மொத ரூல், சந்தேகம் இருக்கற வரைக்கும் ரிமூவும் வேண்டாம், சாவிய திருப்பிக் குடுத்து அனுப்பற ரீஸ்டோரும் வேண்டாம்.

அதுக்காக மாசக்கணக்கா போட்டு வெக்காதீங்க. டிஃபெண்டரோட ஹிஸ்டரி பக்கத்துல ஒரு சமாச்சாரம் 2 வாரம் வரைக்கும்தான் கண்ணுல தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். ஸ்டார்ட் மெனுல விண்டோஸ் செக்யூரிட்டின்னு தேடி திறங்க, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன் உள்ள போங்க, அங்க ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரின்னு ஒண்ணு இருக்கும். அதுல இன்னிக்கு தேதி போட்டு த்ரெட் குவாரண்டைண்ட்னு இருக்கறத கிளிக் பண்ணி விரிச்சா மூணு விஷயம் தெரியும்: வைரஸுக்கு அது வெச்ச பேரு, எத்தன மணிக்கு புடிச்சது, அஃபெக்டட் ஐட்டம்ஸ்னு ஃபைலு எங்க இருந்துச்சுங்கற முழு பாத். இந்த மூணையும் செல்லுல போட்டோ எடுத்து வெச்சிக்கோங்க. நெறைய பேரு "ஏதோ ட்ரோஜன்னு வந்துச்சுண்ணா, க்ளோஸ் பண்ணிட்டேன்"ன்னு சொல்லுவாங்க, அத வெச்சு யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.

பேருல நெறைய விஷயம் ஒளிஞ்சிருக்கு. மொதல்ல வர்றது வகை, ட்ரோஜன், வோர்ம், ஹேக்டூல், பியூஏ அப்படின்னு. அடுத்து எந்த சிஸ்டத்துக்கானதுன்னு, வின்32ன்னு இருக்கும். அதுக்கப்புறம்தான் குடும்பப் பேரு. கடைசில ஆச்சரியக்குறி போட்டு எம்எல்னு முடிஞ்சா, அது மெஷின் லேர்னிங் பண்ண ஊகம், அதாவது "இந்த ஃபைல நான் முன்ன பின்ன பாத்ததில்ல, ஆனா நடை உடை பாவனை திருடன் மாதிரி இருக்கு"ன்னு அர்த்தம். வகாடாக்குன்னு ஒரு பேரு இந்த எம்எல் வாலோட அடிக்கடி வரும், சின்ன சாஃப்ட்வேர் எழுதறவங்களுக்கு இந்த பேரு நல்லா பழக்கம். வேற ஆன்டிவைரஸ்கள்ல ஜெனரிக், ஹியூரிஸ்டிக், சஸ்பீஷியஸ்னு வரும், அதுவும் ஊகம்தான். ஊகம்னா தப்புன்னு அர்த்தம் இல்ல, இன்னும் விசாரிக்கணும்னு அர்த்தம். சாலிட்டி, ராம்னிட்னு ஒரு குறிப்பான குடும்பப் பேரு சொல்லுச்சுன்னா அங்க நான் ஆன்டிவைரஸ் பக்கம்தான் சாய்வேன். பியூஏன்னா வைரஸ் இல்ல, வேண்டாத கூட்டாளி, இலவச சாஃப்ட்வேரோட ஒட்டிக்கிட்டு வர்ற டூல்பார் அந்த மாதிரி, தூக்கிப் போட்டா நஷ்டம் இல்ல.

ஹேக்டூல்னு வந்துச்சுன்னா, விண்டோஸ் ஆக்டிவேட் பண்ண ஏதாவது கிராக் போட்டீங்களான்னு உங்க மனசாட்சிய கேட்டுக்கோங்க. இங்க கொஞ்சம் கறாராவே சொல்றேன், "இது ஃபால்ஸ் பாசிட்டிவ்தான், ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க"ன்னு கிராக் ஃபோல்டர்லயே ஒரு நோட்பேட் ஃபைல்ல எழுதி வெச்சிருப்பான் பாருங்க, அத நம்பறவங்களுக்கு இந்த கட்டுரை உதவாது. திருடனே வந்து நாய கட்டிப் போடச் சொல்றான், நீங்களும் கட்டறீங்க.

அடுத்த கேள்விதான் எனக்கு எல்லாத்தவிட முக்கியம். இந்த ஃபைலு எங்க இருந்து வந்துச்சு? டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல இருந்தா எந்த வெப்சைட்டு, வாட்ஸ்அப்ல வந்திருந்தா அனுப்புனது யாரு, பென்டிரைவ்ல வந்திருந்தா அந்த பென்டிரைவ் இதுக்கு முன்னாடி எந்த ஜெராக்ஸ் கடைல சொருகுனது. விண்டோஸ் சாதாரணமா ஃபைலோட வால, அதாவது பேருக்கு கடைசில புள்ளி வெச்சு வர்ற வகைய, காட்டாது, அதனால இன்வாய்ஸ் பிடிஎஃப்னு கண்ணுக்குத் தெரியறது உண்மைல பிடிஎஃப் எக்ஸ்இயா, அதாவது டபுள் கிளிக் பண்ணா ஓடற ப்ரோக்ராமா இருக்கலாம், ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல வியூ மெனுக்குள்ள ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்னு இருக்கறத டிக் பண்ணி எப்பவும் வெச்சிக்கோங்க. எங்க இருந்து வந்துச்சுன்னே சொல்லத் தெரியாத ஃபைலா, விசாரணையே வேண்டாம், ரிமூவ் பண்ணிட்டு டீ குடிக்கப் போங்க. கம்பெனி சாஃப்ட்வேரா இருந்தா அந்த கம்பெனி சைட்லயே போயி புதுசா டவுன்லோட் பண்ணிக்கோங்க, குவாரண்டைன்ல இருந்து மீட்கற வேலையே தேவையில்ல. மீட்கற பேச்சு எல்லாம் வேற எங்கயும் கிடைக்காத ஃபைலுக்குத்தான், நம்ம மண்டி பில்லு சாஃப்ட்வேர் மாதிரி.

மண்டிக்கு போயி பாத்தா டிஃபெண்டர்ல எம்எல் வால் வெச்ச பேருதான் இருந்துச்சு. அண்ணனுக்கு பயம் எல்லாம் பழைய கணக்கு போயிடுச்சோன்னு. போகல, புடிச்சது எக்ஸ்இ ஃபைல மட்டும்தான், விவசாயி பாக்கி, கமிஷன் கணக்கு எல்லாம் பக்கத்துல தனியா டேட்டாபேஸ் ஃபைலா அப்படியே இருக்கு. அத மொதல்ல ஒரு சுத்தமான பென்டிரைவ்ல காப்பி எடுத்தேன். நீங்களும் இத மறக்காதீங்க, என்ன ஆராய்ச்சி பண்றதா இருந்தாலும் டேட்டாவ எடுத்து வெச்சிட்டு பண்ணுங்க.

அப்புறம் டெஃபனிஷன் அப்டேட், அதாவது எது எது வைரஸ்னு ஆன்டிவைரஸ் வெச்சிருக்கற லிஸ்ட்ட புதுப்பிக்கறது. ஆன்டிவைரஸ் கம்பெனிங்க ஒரு நாளைக்கு பல தடவ புது லிஸ்ட்டு அனுப்பறாங்க, அதுல ஒரு லிஸ்ட்டு தப்பா போயிட்டா உலகம் பூரா ஒரே நேரத்துல நல்ல ஃபைலு மாட்டும், சில மணி நேரத்துல திருத்தி அடுத்தத விடுவாங்க. 2010 ஏப்ரல் 21ல மெக்காஃபி விட்ட ஒரு அப்டேட்டு விண்டோஸ் எக்ஸ்பியோட சொந்த சிஸ்டம் ஃபைலயே வைரஸ்னு புடிச்சு எக்கச்சக்க கம்ப்யூட்டர படுக்க வெச்சிடுச்சு. 2012ல சோஃபோஸ் அதோட சொந்த அப்டேட் ஃபைலயே புடிச்சு உள்ள வெச்சுது. 2022 செப்டம்பர்ல டிஃபெண்டர் கூகுள் குரோம திறந்தாலே வார்னிங் குடுத்துச்சு, அடுத்த அப்டேட்ல சரியாயிடுச்சு. பெரிய பெரிய ஆளுங்க ஃபைலுக்கே இந்த கதின்னா நம்ம ஊரு பையன் எழுதுனது எந்த மூலைக்கு. அதனால வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன் அப்டேட்ஸ்ல போயி செக் ஃபார் அப்டேட்ஸ் குடுத்துட்டு கொஞ்சம் காத்திருங்க, சில சமயம் இதுலயே வேலை முடிஞ்சிடும். மண்டில முடியல.

இந்த சின்ன சாஃப்ட்வேருங்க ஏன் மாட்டுதுன்னா, எழுதுனது யாருன்னு காட்டற டிஜிட்டல் கையெழுத்து இருக்காது, சைஸ சுருக்கறதுக்காக யூபிஎக்ஸ் மாதிரி பேக்கர் போட்டிருப்பாங்க, வைரஸ் எழுதறவனும் அதே பேக்கரத்தான் போடறான், அப்புறம் உலகத்துல மொத்தமே நாலு கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபைலுக்கு நல்ல பேரு சொல்ல ஆளே இல்ல. பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேருக்கு இன்னொரு வினை உண்டு. நீங்க கீபோர்டுல இங்கிலீஷ் ஏ அமுக்குனா தமிழ் ய வரணும்னா அது ஒவ்வொரு கீயையும் நடுவுல புடிச்சு மாத்தணும், பாஸ்வேர்டு திருடற கீலாகரும் அதே மாதிரிதான் நடுவுல உக்காந்து புடிக்குது, வெளிய இருந்து பாக்கறவனுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இப்ப ஹேஷ். பேரு கேட்டு மெரள வேண்டாம், ஃபைலோட கைரேகை அது. எஸ்எச்ஏ 256ன்னு ஒரு கணக்கு எந்த ஃபைலுக்கும் 64 எழுத்துல ஒரு ரேகை போடும், ஃபைல்ல ஒரே ஒரு எழுத்து மாறுனாலும் ரேகை மொத்தமா மாறிடும். 7-ஜிப் போட்டிருந்தா ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி சிஆர்சி எஸ்எச்ஏங்கற மெனுல எடுக்கலாம், ஃபைல ஓட்டத் தேவையில்ல. மண்டி அண்ணன் பையன்கிட்ட இருந்த பென்டிரைவ்ல 3 வருஷத்துக்கு முன்னாடி எடுத்த காப்பி இருந்துச்சு. அத அதே கம்ப்யூட்டர்ல சொருகியிருந்தா டிஃபெண்டர் அதையும் முழுங்கியிருக்கும், இருந்த ஒரே பேக்கப்பும் போயிருக்கும், அதுக்குத்தான் கைய வெக்காதீங்கன்னு சொன்னேன். என் லேப்டாப்ல லினக்ஸ், அதுல விண்டோஸ் எக்ஸ்இ சும்மா ஓடாது, அதுல சொருகி பழைய காப்பியோட ரேகைய எடுத்தேன்.

குவாரண்டைன்ல இருக்கறதோட ரேகை வேணும்னா அத வெளிய எடுத்துத்தான் ஆகணும். முறை சொல்றேன், கவனமா செய்ங்க. நெட் கேபிள புடுங்குங்க, வைஃபை ஆஃப். வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன் பக்கத்துல மேனேஜ் செட்டிங்ஸ் உள்ள போயி கீழ எக்ஸ்க்ளூஷன்ஸ்ல, அதாவது ஆன்டிவைரஸ் பாக்காம விடற எடங்களோட லிஸ்ட்டுல, ஃபைலு இருந்த அந்த ஒரு ஃபோல்டர மட்டும் சேருங்க, ஃபைலு இப்ப அங்க இல்லாததால ஃபைலா செலக்ட் பண்ண வராது. அப்புறம் ஹிஸ்டரில ரீஸ்டோர். ஃபைலு பழைய எடத்துக்கு வந்துடும், டபுள் கிளிக் மட்டும் பண்ணிடாதீங்க. ரேகைய எடுங்க, ஃபைல பாஸ்வேர்டு போட்டு ஜிப் பண்ணி வெச்சிக்கோங்க, எக்ஸ்இ ஃபைல அழிச்சிட்டு எக்ஸ்க்ளூஷனையும் எடுத்துடுங்க. பாஸ்வேர்டு போட்ட ஜிப்புக்குள்ள ஆன்டிவைரஸால எட்டிப் பாக்க முடியாது, அதனால அது அங்கயே கிடக்கும்.

மண்டில ரெண்டு ரேகையும் ஒண்ணா இருந்துச்சு, 64 எழுத்தும். அதாவது ஃபைலு 3 வருஷமா ஒரு புள்ளி கூட மாறல, நேத்து வரைக்கும் இதே டிஃபெண்டர் அத விட்டுச்சு, இன்னிக்கு புடிக்குது. மாறுனது ஃபைலு இல்ல, ஆன்டிவைரஸோட எண்ணம். எழுதுன பையன் இப்ப ஓசூர்ல வேலைல இருக்கான், அவனுக்கு போன் போட்டு கேட்டதுக்கு ஆமாண்ணா யூபிஎக்ஸ் போட்டு சுருக்குனேன்னு ஒத்துக்கிட்டான்.

இதுக்கு நேர் மாறா ஒண்ணும் சொல்லணும். ஒரு ஜெராக்ஸ் கடைல தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரு மாட்டுச்சு, அந்தக்கா "இது எப்பவும் இப்படித்தான் தம்பி, ஆன்டிவைரஸுக்கு தமிழ் புடிக்காது, நீ எடுத்து விடு"ன்னாங்க. நானும் கீபோர்டு சமாச்சாரம்தானேன்னு அசட்டையாத்தான் போனேன். ஆனா பேரு சாலிட்டின்னு வந்திருந்துச்சு, அவங்க வெச்சிருந்த பழைய சிடில இருக்கற அதே ஃபைலோட ஒப்பிட்டா கம்ப்யூட்டர்ல இருக்கறது சைஸே பெருசா இருக்கு. சாலிட்டி மாதிரி ஆளுங்க தனி ஃபைலா வர மாட்டானுங்க, நல்ல எக்ஸ்இக்குள்ள தன்ன ஒட்ட வெச்சிக்குவானுங்க, பென்டிரைவ் வழியா கடை கடையா பரவுவானுங்க. சாஃப்ட்வேரு நல்லதுதான், இந்த காப்பி நல்லதில்ல. அதனால "எனக்குத் தெரிஞ்ச சாஃப்ட்வேரு"ங்கறது போதாது, தெரிஞ்ச சாஃப்ட்வேரு மாறாம இருக்கான்னு பாக்கணும்.

பழைய காப்பி இல்லாதவங்க என்ன பண்றதுன்னா, வைரஸ்டோட்டல். 2004ல ஸ்பெயின்ல ஆரம்பிச்சது, 2012ல கூகுள் வாங்கிடுச்சு, ஒரு ஃபைல 70 பக்கம் ஆன்டிவைரஸ் இன்ஜின்கிட்ட ஒரே நேரத்துல காட்டி ஆளாளுக்கு என்ன சொல்றாங்கன்னு போடும், காசு கிடையாது. ஆனா ஃபைல அப்லோட் பண்றதுக்கு முன்னாடி சர்ச்ல ரேகைய மட்டும் ஒட்டிப் பாருங்க, வேற யாராவது ஏற்கனவே போட்டிருந்தா ரிசல்ட்டு வந்துடும். ஏன்னா அங்க அப்லோட் பண்றத செக்யூரிட்டி கம்பெனிங்களும் காசு கட்டறவங்களும் எடுத்துப் பாக்கலாம், எக்ஸ்இன்னா பரவால்ல, கஸ்டமர் ஆதார், பத்திரம், பேங்க் ஸ்டேட்மெண்ட் இருக்கற வேர்டு எக்செல் ஃபைல தயவு செஞ்சு போடாதீங்க.

ரிசல்ட்ட படிக்கறதுலதான் புதுசா வர்றவங்க ஏமாறுவாங்க. 70ல 3 பேரு, அதுவும் ஜெனரிக் பேரா சொன்னா ஃபால்ஸ் பாசிட்டிவா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. 40 பேரு ஒரே குடும்பப் பேர சொன்னா விவாதமே இல்ல. நடுவுல இருந்தா டீட்டெய்ல்ஸ்ல மொதல் மொதல்ல எப்ப அப்லோட் ஆச்சுன்னு தேதி பாருங்க. நேத்துதான் வந்த ஃபைலுக்கு 2 பேரு மட்டும் சொல்றாங்கன்னா அது நிம்மதி இல்ல, புது வைரஸும் மொத நாள் அப்படித்தான் இருக்கும், 3 நாள் கழிச்சு ரீஅனலைஸ் குடுத்துப் பாருங்க, ஏறிட்டே போனா நெஜம், எறங்குனா ஃபால்ஸ். மண்டி ஃபைலுக்கு 4 வந்துச்சு, நாலும் ஊகப் பேரு.

பெரிய கம்பெனி ஃபைலா இருந்தா ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்னு ஒரு டேப் இருக்கும், உள்ள கையெழுத்து ஓகேன்னு காட்டுதான்னு பாருங்க. திருடுன சர்டிஃபிகேட்ட வெச்சு போட்ட கையெழுத்தும் உலகத்துல உண்டு, அதனால அதையே கடவுள் வாக்கா எடுத்துக்காதீங்க.

இவ்ளோ பாத்து நல்ல ஃபைலுதான்னு தோணுச்சுன்னா, ஆன்டிவைரஸ் கம்பெனிக்கே அனுப்புங்க, இது நெறைய பேருக்கு தெரியாத வேலை. மைக்ரோசாஃப்ட்ல மால்வேர் அனாலிசிஸுக்கு ஃபைல் சப்மிட் பண்ற பக்கம் இருக்கு, ஹோம் கஸ்டமர்னு செலக்ட் பண்ணி, தப்பா புடிச்சிருக்கீங்கங்கறத டிக் பண்ணி, ஜிப்ப ஏத்தி ரெண்டு வரி எழுதுனா போதும். ஜிப்புக்கு பாஸ்வேர்டு இன்ஃபெக்டட்னு வெக்கறது இந்த தொழில்ல எல்லாருக்கும் பொதுப் பழக்கம். அவங்க திருத்திட்டா உங்களுக்கு மட்டும் இல்ல, அதே சாஃப்ட்வேரு வெச்சிருக்கற காவேரிப்பட்டணத்து மண்டிக்காரருக்கும் சேத்து சரியாகும்.

பதில் வர்ற வரைக்கும் வேலை நடக்கணுமே, அப்ப மட்டும் எக்ஸ்க்ளூஷன். அந்த ஃபோல்டர திரும்ப எக்ஸ்க்ளூஷன்ல சேத்து, ஜிப்ல இருந்து எக்ஸ்இய அங்க எடுத்து வெச்சு, அந்த ஒரு எக்ஸ்இ ஃபைல மட்டும் எக்ஸ்க்ளூஷன்ல சேத்துட்டு, அப்புறம் ஃபோல்டர் எக்ஸ்க்ளூஷன எடுத்துடுங்க. டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், முழு டி டிரைவ்னு சேக்கறவங்கள பாத்திருக்கேன், வீட்டுக்கு பூட்டு போட்டு கொல்லக் கதவ தொறந்து வெக்கற மாதிரி. அலௌ ஆன் டிவைஸ்னு ஒரு பட்டன் வரும், எனக்கு அது புடிக்காது, ஏன்னா அது உங்க ஃபைல அனுமதிக்கல, அந்த வைரஸ் பேர அனுமதிக்குது, நாளைக்கு அதே பேருல நெஜத் திருடன் வந்தாலும் டிஃபெண்டர் சும்மா இருக்கும். ஏற்கனவே அமுக்கியிருந்தா அலௌட் த்ரெட்ஸ்னு இருக்கற பக்கத்துல போயி எடுத்துடுங்க, இப்பவே.

நெஜ வைரஸ்னு ஆயிடுச்சுன்னா, அதுவும் புடிக்கறதுக்கு முன்னாடி நீங்க அத ஒரு தடவையாவது ஓட்டியிருந்தீங்கன்னா, ரிமூவ் பண்றதோட நிறுத்தாதீங்க. நெட்ட கட் பண்ணுங்க, ஃபுல் ஸ்கேன் விடுங்க, அதுக்கப்புறம் ஸ்கேன் ஆப்ஷன்ஸ்ல டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் குடுங்க, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் ஏறறதுக்கு முன்னாடியே தேடும், 15 நிமிஷம் பக்கம் ஆகும். மெயில், நெட்பேங்கிங் பாஸ்வேர்டெல்லாம் அந்த கம்ப்யூட்டர்ல மாத்தாதீங்க, செல்லுல இருந்து மாத்துங்க. பணம் போயிருந்தா யோசிக்காம சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணுங்க, எவ்ளோ சீக்கிரம் பண்றீங்களோ அவ்ளோ நல்லது. அந்த ஜெராக்ஸ் கடைல நான் இதெல்லாம் பண்ணிட்டு, இருந்த பென்டிரைவ் எல்லாத்தையும் வரிசையா ஸ்கேன் பண்ணேன், 6ல 4 நாறிப் போயிருந்துச்சு.

மண்டில 9 மணிக்குள்ள பில்லு ஓட ஆரம்பிச்சிடுச்சு. மைக்ரோசாஃப்ட்ல இருந்து ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, டிடெக்ஷன எடுத்துட்டோம்னு. அடுத்த ஞாயித்துக்கெழம அண்ணன் போச்சம்பள்ளி சந்தைக்குப் போயிருந்த நேரம் பாத்து போயி, டெஃபனிஷன அப்டேட் பண்ணி, எக்ஸ்க்ளூஷன எடுத்துட்டு திரும்ப ஸ்கேன் விட்டேன், ஒண்ணும் சொல்லல. பையன்கிட்ட அந்த எக்ஸ்இய பாஸ்வேர்டு ஜிப்பா ரெண்டு எடத்துல வெக்கச் சொல்லி, ரேகைய பில்லு புக்கு அட்டைக்குப் பின்னாடி பேனால எழுதி வெச்சிட்டு வந்தேன்.